ஈறில் ரத்தம் வந்தால் எலுமிச்சை தேய்க்கலாமா?
ஒருவர், ஈறில் ரத்தம் வந்தாலே வைட்டமின் சி குறைவுதான், தினமும் எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போதும் என்கிறார். பாதி உண்மை, அதுதான் சிக்கல்.

வைட்டமின் சி அறவே இல்லாமல் போனால் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி ரத்தம் வரும், சரி. 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் கப்பல் மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தது அதற்குத்தான். கொடுத்தது தின்பதற்கு, பல்லில் தேய்ப்பதற்கு அல்ல! எலுமிச்சைச் சாற்றின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 2 முதல் 3 வரை; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பல்லின் வெளிப்படலமான எனாமலோ பிஹெச் 5.5க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். போன எனாமல் திரும்ப வளராது.

பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் வரக் காரணம் ஈறோரம் படியும் அழுக்கும் காரையும்தான். அதைப் பல் மருத்துவர் சுத்தம் செய்ய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர் என்றால் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத நீரிழிவு ஈறு நோயை முற்றவைக்கும், முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படவிடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கசியலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெல்லிக்காய், கொய்யா தாராளமாகச் சாப்பிடுங்கள், அப்புறம் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிடுங்கள்.