ஒவ்வொரு வீலானுக்கும் தனிப் பிரிட்ஜா? பரவும் குறிப்பு பிழை

"ஒவ்வொரு வீலானுக்கும் தனிப் பிரிட்ஜ் போட்டால் சுவிட்ச் வேகமாக ஓடும்" என்றொரு குறிப்பு யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. (வீலான், VLAN, என்பது ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது; பிரிட்ஜ் என்பது சுவிட்சின் போர்ட்களை ஒன்றாக இணைக்கும் அமைப்பு.) மைக்ரோடிக் நிறுவனத்தின் சிஆர்எஸ்3 (CRS3xx) வரிசைச் சுவிட்சுகளுக்கு இது பிழை. அங்கே ஒரேயொரு பிரிட்ஜை மட்டுந்தான், தரவை வேகமாகக் கடத்தும் சுவிட்ச் சிப் ஏற்கும். மற்றப் பிரிட்ஜ்களின் வேலையெல்லாம் மெதுவான சிபியூவின் தலையில். பெரிய கோப்பொன்றை நகலெடுத்தாலே வேகம் படுத்துவிடும். (பழைய சிஆர்எஸ்1, 2 வரிசைகள் 7 பிரிட்ஜ் வரை தாங்கும், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.)

பிரிட்ஜ் போர்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள்: 'எச்' (H) எழுத்து இல்லாத போர்ட் சிபியூ வழியே போகிறது. மைக்ரோடிக்கின் உத்தியோகபூர்வ ஆவணத்திலும் இதைச் சரிபார்க்கலாம். அந்தக் குறிப்பைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.

எல்லாப் போர்ட்டையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்து, வீலான் அட்டவணையை (எந்தப் போர்ட் எந்த வீலானில் என்பதை) எழுதி, அந்த அட்டவணையை நடைமுறைப்படுத்தும் வீலான் ஃபில்டரிங்கைக் கடைசியாகவே போடுங்கள். நிர்வாக வீலானின் (சுவிட்சை நிர்வகிக்க நுழையும் வீலானின்) டேக்ட் (tagged) பட்டியலில் பிரிட்ஜையும் சேர்க்க மறந்தால், சுவிட்சுக்குள் நீங்களே நுழைய முடியாது.