கையெழுத்துப் போட்டவரே கண்காணிப்பாளரா?

சனிக்கிழமை எங்கள் தமிழர் கூட்டம் நடந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பேசியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. "பூர்வகுடிகளுக்கு இன்னுமொரு ஆணையாளராம், எல்லாம் எங்கட வரிக்காசு" என்று அவர் சொன்னதைவிட, அதற்கு விழுந்த கைதட்டல்தான் என்னைக் கூடுதலாக வருத்தியது. தட்டிய கைகளில் பாதி, இலங்கையில் கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் கதையைக் கேட்டு வளர்ந்த கைகள்.

அவர் எதிர்த்தது கனடா நாடாளுமன்றத்துக்கு வந்த சி-10 சட்டமூலத்தை. அது என்ன கேட்கிறது? 1975 ஜேம்ஸ் குடா உடன்படிக்கையில் தொடங்கி, கனடா அரசு பூர்வகுடிகளோடு செய்துகொண்ட நவீன உடன்படிக்கைகள் இருக்கின்றன. அரசியலமைப்பின் 35ஆவது பிரிவு பாதுகாக்கும் உடன்படிக்கைகள் அவை. அவற்றில் எழுதியதை அரசு செய்கிறதா என்று பார்க்க, அரசுக்கு வெளியே ஓர் ஆணையாளர் வேண்டும். அவர் அமைச்சரிடம் இல்லை, நாடாளுமன்றத்திடம் அறிக்கை தர வேண்டும். இவ்வளவுதான். 2024 ஒக்டோபரில் இது சி-77 என்ற பெயரில் வந்தது, அடுத்த ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடித்துவைக்கப்பட்டதோடு செத்துப்போனது. 2025 செப்டம்பரில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். உடன்படிக்கை செய்த மக்களின் கூட்டமைப்பு இப்படியொரு அமைப்பைக் கேட்டு இருபது வருடமாகிறது.

வாக்குக் கொடுத்தவரே அதைக் காப்பாற்றினேனா என்று தீர்ப்பும் சொல்வது, பரீட்சை எழுதிய பிள்ளையே விடைத்தாளைத் திருத்துவது போல. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

"கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறாரே" என்பீர்கள். நாடாளுமன்றத்தில் கன்சர்வேட்டிவ் கட்சியும் இதைத்தான் சொன்னது. சரி, நியாயமான கேள்வி. இருக்கிறார். 2003இலேயே, பூர்வகுடி விவகாரத் துறையைப் பார்த்து, உடன்படிக்கையின் எழுத்தைப் பார்க்கிறீர்கள், அதன் நோக்கத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினார்கள். அப்புறம் என்ன நடந்தது? முழு அரசாங்கத்தின் கணக்கையும் பார்க்கிற அலுவலகம் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை இந்தப் பக்கம் வரும், ஓர் அறிக்கை போடும், அடுத்த வேலைக்குப் போகும். துறை "ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி பதில் எழுதும். இதையே வேலையாக வைத்துக்கொண்டு, போன வருடம் சொன்னது இந்த வருடம் நடந்ததா என்று விடாமல் கேட்க ஒருவர் வேண்டாமா?

வரிக்காசு என்கிறீர்கள். கனடாவின் வடக்கே வாழும் இனுயிட் மக்களோடு செய்த நுனாவுட் உடன்படிக்கை 1993இல் வந்தது. அரசு வேலைகளில் இனுயிட் மக்களுக்கு அவர்களின் சனத்தொகைக்கு ஏற்ற பங்கு என்று அதில் இருந்தது. அது நடக்கவில்லை. பிணக்கு வந்தால் நடுவரிடம் போகலாம் என்றும் இருந்தது. நடுவரிடம் போக அரசு சம்மதிக்கவில்லை. கடைசியில் 2006இல் இனுயிட் மக்கள் வழக்குப் போட்டார்கள், 2015இல் 25 கோடி 55 லட்சம் டொலருக்கு இணக்கம் கண்டார்கள். அது யாருடைய காசு? ஓர் ஆணையாளருக்குக் கணக்குப் பார்க்கிற நாங்கள், வாக்கு மீறியதால் போன காசுக்கு ஏன் வாய் திறக்கவில்லை?

வேலைத்தளத்தில் என்னோடு நின்ற ஒருவர், ஹியூரன் ஏரியின் வடகரைப் பக்கத்து அனிஷினாபே பூர்வகுடி மனிதர், இடைவேளையில் ஒருநாள் தன் தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். அம்மாவின் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காசோலை. தொகை நான்கு டொலர். 1850 றொபின்சன் உடன்படிக்கையின்படி வருடத்துக்கு ஒருவருக்கு வருவது அதுதான். அவர்கள் விட்டுக்கொடுத்த நிலத்தின் வருமானம் கூடினால் இந்தத் தொகையும் கூடும் என்று உடன்படிக்கையில் இருக்கிறது. 1875இல் நான்கு டொலர் ஆனது, அதோடு நின்றது. அந்த நிலத்தில் சுரங்கம் வந்தது, மரம் வெட்டினார்கள், இரயில் ஓடியது. நான்கு டொலர் நான்கு டொலராகவே இருந்தது. அம்மா அதை மாற்றவே இல்லையாம். 2023இல் ஆயிரம் கோடி டொலர் இணக்கப்பாடு வந்தது, 2024இல் உச்ச நீதிமன்றமும் அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்று சொன்னது. அதற்குள் எத்தனை தலைமுறை போய்விட்டது!

சி-10 இந்தப் பழைய உடன்படிக்கைகளைத் தொடாது, எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் நாங்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிற நிலத்தின் 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைகளையும் தொடாது. ஆணையாளர் யாருக்கும் உத்தரவிடவும் முடியாது. அதனால் வேண்டாம் என்கிறீர்களா? போதாது என்றால் கூடுதலாகக் கேளுங்கள், கிடைப்பதையும் ஏன் தடுக்கிறீர்கள்?

எங்களுக்கு இது தெரியாததா? 1957இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். அடுத்த வருடமே, பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் கிழித்தார்கள். 1965 டட்லி-செல்வா ஒப்பந்தமும் கிடப்பில் போனது. ஏன் செய்யவில்லை என்று கேட்க நடுவில் ஒருவர் இல்லையே என்று என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஜெனீவாவில் சர்வதேசக் கண்காணிப்பு வேண்டும் என்று இதே மண்டபத்தில் தீர்மானம் போடுகிறோம். அதே கண்காணிப்பை இந்த மண்ணின் மக்கள் கேட்டால் வரிக்காசு என்கிறோம். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

"நாங்கள் வந்தேறியவர்கள், இது வெள்ளைக்காரன் செய்தது, எங்களுக்கு ஏன்?" இதை இனி என்னிடம் சொல்லாதீர்கள். 2021இலிருந்து குடியுரிமைச் சத்தியத்திலேயே பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகள் இருக்கின்றன. என் மருமகள் வலது கையை உயர்த்தி அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அந்த உரிமைகளை மதிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, மதிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஆள் வைப்பதை எதிர்ப்பது எப்படி?

உங்கள் தொகுதி எம்பியின் அலுவலகத்துக்கு அழைத்து, சி-10இல் அவருடைய நிலைப்பாடு என்ன என்று கேளுங்கள். நான் கேட்டேன். "பதில் அனுப்புகிறோம்" என்றார்கள். வரும்வரை விடமாட்டேன்.