சேவை மனப்பான்மை மட்டும் போதாது

சமூகப்பணி என்றாலே சேவை மனப்பான்மை என்று நான் படித்த ஒரு கட்டுரையில் திரும்பத் திரும்ப வருவது உறுத்துகிறது. எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்துக் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை பார்க்கிறேன். நன்கொடையாளர்கள் நோட்டுப் புத்தகம் கொடுத்தால் பிள்ளையின் முகம் தெரிகிற மாதிரி போட்டோ கேட்பார்கள், கையை மட்டும் எடுத்து அனுப்பினால் கோபம் வேறு (சிறார் நீதிச் சட்டம் 2015, குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 74-வது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்). சரி, அது சின்ன விஷயம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே ஒரு சிறுமி பேச வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படை, ஆனால் அவள் சொல்வது பாலியல் கொடுமை என்றால், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டம் 19-வது பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதனால் சில விஷயங்களை என்னால் மறைக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சிலர் அதோடு எழுந்து போயிருக்கிறார்கள்.