ஸாவ் வூ-கியைக் ‘கலப்பு’ என்று சொல்லாதீர்கள்

சீனாவில் பிறந்து பாரிஸுக்குப் போன ஓவியர் ஸாவ் வூ-கி பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே வரிதான்: சீன மை ஓவியத்தையும் மேற்கத்திய நவீனத்தையும் கலந்தவர். 2018 செப்டம்பரில் அவருடைய பத்து மீட்டர் நீள ஓவியம் ஹாங்காங்கில் 51 கோடி ஹாங்காங் டாலருக்கு ஏலம் போனது. அப்போது நான் படித்த செய்திகளிலும் விலைக்கு அடுத்து இந்த வரிதான் இருந்தது.

எனக்கு இந்த வரியின் மேல் உண்மையாகவே கோபம் உண்டு. இரண்டு பாத்திரங்களில் தயாராக இருந்ததை ஒன்றில் ஊற்றிக் கலக்கிவிட்டார் என்பது போல ஆகிவிடுகிறது. ஒரு மனிதர் முப்பது, நாற்பது வருடம் எதை விட்டார், எதைத் தேடினார், எது அவரிடம் திரும்பி வந்தது என்ற கதையே காணாமல் போய்விடுகிறது.

முதலில், சீனா மையைக் கொடுத்தது, உருவம் காட்டாமல் வரையும் அரூபத்தை மேற்கு கொடுத்தது என்ற கணக்கே சரியில்லை. சீனாவில் தாங் அரச வம்சத்தின் காலத்தில் வாங் மோ என்று ஒரு ஓவியர். குடித்துவிட்டு மையைப் பட்டின் மேல் வீசி, கையாலும் காலாலும் தேய்த்து, அதில் தெரியும் வடிவங்களை மலையாகவும் மேகமாகவும் ஆக்குவாராம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, அவருடைய ஓவியம் இன்று நம்மிடம் இல்லை. தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் பழைய சீன ஓவியர் ஃபான் குவான் வரைந்த மலை இருக்கிறது, பெரிய நகல் கிடைத்தால் பாருங்கள். இரண்டு மீட்டர் உயரப் பட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே பாறை அடைத்து நிற்கிறது. கீழே வலது மூலையில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு இருவர் போகிறார்கள், தேடினால்தான் கண்ணில் படுவார்கள். அவர்களுக்குப் பின்னால் மரங்களும் பாறைகளும்; அதைத் தாண்டி மலையின் அடிவாரத்தில் ஒன்றும் இல்லை. வெறும் பட்டு. அதுதான் மூடுபனி, அதுதான் தூரம். வரையாமல் விட்ட இடமும் இங்கே ஓவியத்தின் வேலையைச் செய்கிறது.

ஸாவ் இந்தச் சூழலில் பிறந்தவர்தான். 1935-ல் ஹாங்சோ கலைக் கல்லூரியில் சேர்ந்தார். பிரான்ஸில் படித்துத் திரும்பிய லின் ஃபெங்மியன் அங்கே முதல்வர். பையனுக்குப் பழைய ஓவியங்களைப் பிரதி எடுப்பதில் மனசே போகவில்லை. மத்தீஸும் பிக்காஸோவும்தான் வேண்டும். 1948-ல் கப்பலேறி பாரிஸ் போனார். அங்கே மையைத் தொடவே கூடாது என்று வைத்திருந்தார். சீனன் வந்திருக்கிறான், சீனச் சரக்கு காட்டுவான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற வைராக்கியம். கலக்க வந்தவர் செய்கிற காரியமா இது?

1951-ல் சுவிட்சர்லாந்தில் பால் கிளேயின் ஓவியங்களைப் பார்க்கிறார். சின்னச் சின்னக் குறிகளாலேயே ஒரு உலகத்தை எழுப்ப முடியும் என்று ஒரு ஐரோப்பியர் அவருக்குக் காட்டுகிறார். விட்டுவந்த சீனா அந்த வழியாகத்தான் அவரிடம் திரும்புகிறது. 1954-ல் ‘காற்று’ என்ற ஓவியம். சீனாவில் சுவரில் தொங்கவிடும் ஓவியச் சுருள் போல ஒடுங்கி உயர்ந்த கேன்வாஸ். அதில் எலும்பில் கீறிய ஆதிகாலச் சீன எழுத்துகளை நினைவுபடுத்தும் குறிகள். எந்த எழுத்தையும் வாசிக்க முடியாது. அத்தனையும் தைல வண்ணம், ஒரு சொட்டு மை கிடையாது. சில வருடங்களில் அந்தக் குறிகளும் கரைந்துபோய்விடுகின்றன. அப்புறம் ஓவியங்களுக்குத் தலைப்புகூட இல்லை, முடித்த தேதி மட்டும்தான்.

மையிடம் அவர் எப்படித் திரும்பினார் என்பதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மனைவி மே கடுமையாக நோயுற்றிருந்தார். பெரிய கேன்வாஸ் முன் நின்று வேலை செய்கிற நிலைமையில் ஸாவ் இல்லை. மையை எடுத்துப் பாரேன் என்று நண்பரும் கவிஞருமான ஆன்றி மிஷோ தூண்டினார். 1972 மார்ச்சில் மே இறந்துபோனார். செப்டம்பரில், ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு தைல வண்ண ஓவியத்தை அவர் நினைவாக முடித்தார். பாரிஸின் பாம்பிடூ மையத்தில் இருக்கிறது. மையைத் தொட்ட பிறகு அவருடைய கேன்வாஸ்களில் வண்ணம் மெலிகிறது, வெற்றிடம் பெருகுகிறது. தைலம் மையைப் போலக் கசிந்து ஓடுகிறது. இருபது வருட வைராக்கியம் துக்கத்தில் தளர்ந்த பிறகு வந்த மாற்றம் இது. இதைப் போய்க் கலப்பு என்று எப்படிச் சொல்வது?

அதே கல்லூரியில் படித்த வு குவான்சோங்கின் வழி நேர் எதிர். 1947-ல் பாரிஸ் போய் 1950-ல் சீனாவுக்கே திரும்பினார். கலாசாரப் புரட்சியில் தன் ஓவியங்களைத் தானே அழித்தார். கிராமத்துக்கு அனுப்பப்பட்டபோது சாணம் அள்ளும் கூடையை ஓவியத் தாங்கியாக வைத்து வரைந்தார். தைல வண்ணக்காரரான அவரும் அதே எழுபதுகளில்தான் மைக்கு வந்தார். 1981-ல் அவர் வரைந்த ‘இரு தகைவிலான் குருவிகள்’ நீளவாக்கில் ஒரு தாள். பெரும்பகுதி வெள்ளைச் சுவர், அதாவது தொடாத தாள். கூரை விளிம்புக்குச் சில கறுப்புக் கோடுகள், இலையில்லாத ஒரு மரம், பறவைகள் என்று இரண்டு சின்னத் தீற்றல்கள். தள்ளி நின்றால் டச்சு அரூப ஓவியர் மோன்ட்ரியானின் கட்டங்கள்; கிட்டே போனால் யாங்சி ஆற்றுக்குத் தெற்கே ஒரு வீடு.

1992-ல் இவர் எழுதிய ஒரு கட்டுரை பெரிய சண்டையைக் கிளப்பியது. ஓவியத்திலிருந்து தனியே பிரித்தெடுத்த தூரிகை, மை நுட்பத்தின் மதிப்பு பூஜ்யம் என்றார். மரபுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். தூரிகையும் மையும்தான் சீன ஓவியத்தின் அடித்தளம், அதையும் விட்டால் என்ன மிச்சம் என்று ஓவியர் ஜாங் டிங் பதில் எழுதினார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு நூற்றாண்டில் அவர்கள் இழந்தது கொஞ்சமல்ல. ஆனாலும் நான் வு பக்கம்தான். ஸாவின் ‘காற்று’ அதற்குப் போதுமான சாட்சி. மையே இல்லாமல் அதில் அந்த மரபு இருக்கிறது. நல்ல மையும் நல்ல தூரிகையும் வைத்துக்கொண்டு, ஒரே மூங்கிலை ஆயிரம் தடவை போடுகிறவர்களிடம் அது இல்லை.

ஏலம் போன ஓவியத்தை ஸாவ் வரைந்தது சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் சிட்டி என்ற கட்டட வளாகத்துக்காக. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் கேட்டு வரைந்தது. இப்போது அது அங்கே இல்லை. ஆனால் வு 2008-ல் 113 படைப்புகளைச் சிங்கப்பூருக்கே கொடுத்துவிட்டார். நம்மவர்களில் எத்தனையோ பேர் வேலைக்கும் சுற்றுலாவுக்கும் அந்த ஊருக்குப் போகிறார்கள். அடுத்த தடவை தேசியக் கலைக்கூடத்தில் அவர் ஓவியங்கள் மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் பிறகு படிக்கலாம். தாளில் எந்த இடத்தை வரையாமல் விட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் எழுதுங்கள், பேச ஆசையாக இருக்கிறது.