பியானோலா முதல் பேயோலா வரை

மோட்டோரோலா என்ற பெயரின் வாலில் இருக்கும் 'ஓலா', விக்ட்ரோலா என்ற கிராமபோனின் பெயரிலிருந்து வந்தது என்கிறது ஒரு கட்டுரை. சரி, ஆனால் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். பியானோவைத் தானாக வாசிக்க வைக்கும் கருவிக்கு 1890களிலேயே பியானோலா என்று பெயர். விக்ட்ரோலா கிராமபோன் 1906இல்தான் வந்தது. மோட்டோரோலா 1930இல், கார் ரேடியோவுக்கு வைத்த பெயர். தனியாக எந்தப் பொருளும் இல்லாத வால், இப்படி ஒட்டி ஒட்டியே பாட்டுப் பெட்டியின் வாசனையைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் பேயோலா. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு ரேடியோக்காரர் ரகசியமாக வாங்கும் லஞ்சம். 'பே' என்றால் பணம் கொடுப்பது. வாலை ஒட்டியதும் எந்தத் தொழிலின் லஞ்சம் என்பதும் காதில் விழுந்துவிடுகிறது! 1960இல் அமெரிக்கா அதற்கெதிராகச் சட்டமே போட்டது.

அப்புறம், 1903இல் வந்த கிரேயோலா என்ற வண்ணக் குச்சியின் பெயரை இதில் சேர்க்காதீர்கள். அதன் வால் எண்ணெய்ப் பசையைக் குறிக்கும் வேறு சொல்லின் துண்டு.