‘ஃபயர்டு’, ‘லெய்ட் ஆஃப்’, ‘மேட் ரிடன்டன்ட்’ மூன்றும் ஒன்றல்ல

ஒரு நண்பர், வேலை போவதைச் சொல்லும் இந்த மூன்று ஆங்கிலத் தொடர்களுக்கும் ‘வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்’ என்ற ஒரே பொருள்தான், எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை.

‘ஃபயர்டு’ என்றால் பெரும்பாலும் உங்கள் நடத்தையிலோ வேலையிலோ குறை கண்டு நீக்கினார்கள் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘மேட் ரிடன்டன்ட்’ பிரிட்டிஷ் வழக்கு: அந்த வேலையே தேவையில்லாமல் போனது, தவறு உங்களுடையதல்ல. அங்கே 2 ஆண்டு பணி முடித்தவருக்கு இதற்கெனச் சட்டப்படி இழப்பீடும் உண்டு. கிளை மூடியதால் வேலை போனவர் நேர்காணலில் ‘ஐ வாஸ் ஃபயர்டு’ என்றால், இல்லாத பழியைத் தானே சுமக்கிறார். பொருள் தெரியாததால் மட்டுமே இப்படி நடப்பது வருத்தமான விஷயம்.

‘லெய்ட் ஆஃப்’தான் அதிகம் குழப்பும். அமெரிக்காவில் இன்று அது பெரும்பாலும் நிரந்தரமாக வேலை போவது. பிரிட்டன் சட்டத்திலோ, வேலை கொடுக்க முடியாமல் சம்பளமின்றித் தற்காலிகமாக நிறுத்திவைப்பது.

சரிபார்க்க, கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் மூன்றையும் தனித்தனியே தேடி, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு படியுங்கள். சட்ட வரையறை வேண்டுமென்றால் பிரிட்டன் அரசின் சட்டத் தளத்தில் 1996ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் ஆக்ட் (பணியாளர் உரிமைச் சட்டம்) பாருங்கள்: ‘ரிடன்டன்சி’க்குப் பிரிவு 139, ‘லே-ஆஃப்’க்குப் பிரிவு 147. இலவசமாகவே படிக்கலாம்.