பாதித் தோட்டம் போதும்

பிள்ளைகளோடு ஒரு நாள் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம், என்னவெல்லாம் பார்க்கலாம் என்று போன வாரம் நண்பர் கேட்டார். பாதியைப் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். கிண்டல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் தடவை போனபோது வரைபடத்தை முந்தின நாள் ராத்திரியே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ரோஜாப் பாத்தி, கள்ளிச் செடிகள், மூங்கில், குளம், கடைசியாகக் கண்ணாடி வீடு. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். ஏதோ ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி. மகனுக்கு அப்போது 4 வயது. வாசல் தாண்டிப் பத்தடி போகவில்லை, குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். எறும்புகள் செத்த வண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போயின. நடைபாதைக் கல்லின் விளிம்பில் ஏற்ற முடியாமல் வண்டு திரும்பத் திரும்பக் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் இவன் "அய்யோ" என்றான். "வாடா, உள்ளே எவ்வளவோ இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அன்று முழுக்க அவன் மனசு ஒட்டிப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். அதிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

கண்ணாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூட்டிக்கொண்டிருந்தார்கள். தோட்டம் மூடுகிற நேரம் வேறு, கண்ணாடி வீடு மூடுகிற நேரம் வேறு என்பது வாசல் பலகையிலேயே எழுதியிருந்ததாம். மகன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான். மகளுக்குப் புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததுதான் கலக்கமாக இருந்தது.

திட்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வரைபடத்தை. உண்மையான திட்டம் அவள் தோளில் தொங்கிய பையில் இருந்தது. மாற்றுத் துணி, தண்ணீர், ஈரத்துணி, பழைய பெட்ஷீட், தொப்பி, ஒரு காலி பிளாஸ்டிக் கவர். அந்தக் கவர் எதற்கு என்று வாந்தி எடுத்த பிள்ளையோடு வண்டியில் வந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த தடவையிலிருந்து பை கட்டுவதும் சுமப்பதும் என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டோம். பையைச் சுமப்பவனுக்கு இன்னொரு இடம் பார்த்துவிடலாம் என்ற ஆசை தானாகக் குறைகிறது. சந்தேகம் இருந்தால் சுமந்து பாருங்கள்.

இப்போது உள்ளே போனதும் முதல் வேலை கழிப்பறை எங்கே என்று பார்த்து வைப்பது. பிறகு கூட வருகிற என் அப்பாவுக்கு நிழலில் ஒரு பெஞ்சு. அதுதான் எங்கள் முகாம். யார் தொலைந்தாலும் அங்கே வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் பெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவேன். வாசலிலேயே இரண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வேன். அழகுக்கு இல்லை, கூட்டத்தில் காணவில்லை என்றால் என்ன கலர் சட்டை என்று பதறிப்போய் யோசிக்க வேண்டாம். செல்போன் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுவிடுவது மனைவியின் யோசனை.

வெயிலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தரையில் விழும் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிற நேரம் என்று அர்த்தம். மகள் அடிக்கடி நின்று நிழலை அளந்து "அப்பா, குட்டையாயிடுச்சு" என்பாள். உடனே பெஞ்சுக்குத் திரும்பிவிடுவோம். நடுப்பகலில் எந்தத் திட்டமும் கிடையாது. சாப்பாடு, பெட்ஷீட், தூக்கம். தோட்டத்துக்கு வந்து தூங்குவதா என்று கேட்பவர்கள் ஒரு தடவை மரத்தடியில் மல்லாந்து படுத்துப் பார்க்கட்டும்.

பார்ப்பதற்கென்று இரண்டே இடம். போன தடவை ஒன்று தாமரைத் தொட்டி. மகன் தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் எடுத்து இலைமேல் விட்டான். தண்ணீர் பரவவில்லை. பாதரசம் மாதிரி உருண்டையாகத் திரண்டு, இலையின் நடுக்குழிக்கு ஓடி, அங்கே இருந்த இன்னொரு துளியோடு சேர்ந்துகொண்டது. போன வழியில் இருந்த தூசியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகுப் பூச்சு. துளி அந்த மேடுகளின் நுனியில்தான் நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "இன்னொரு தடவைப்பா" என்றான். அரை மணி நேரம், மூடி மூடியாக. தாமரை இலைத் தண்ணீர் போல என்று வாய்க்கு வாய் சொல்கிற நான் அதை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் அவளுக்கு வேறு வேலை. மரங்களில் மாட்டியிருக்கிற தகட்டில் லத்தீன் பெயர் இரண்டு சொல்லாக இருக்கும். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் நிலைநிறுத்திய முறை. முதல் சொல் ஒன்றாக இருந்தால் அந்த மரங்கள் பங்காளிகள். ஃபைகஸ் என்று ஆரம்பிப்பதையெல்லாம் கண்டுபிடி என்று விட்டேன். ஆல், அரசு, அத்தி மூன்றையும் பிடித்துவிட்டு, தொட்டியில் நின்ற ரப்பர் செடியின் சீட்டிலும் ஃபைகஸ் என்று பார்த்ததும் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஆலமரத்தடியில் அவளுக்குக் கொல்கத்தா பக்கத்து ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தைப் பற்றிச் சொன்னேன். பூஞ்சை பிடித்து அழுகிய அடிமரத்தை 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மரம் இன்றைக்கும் விழுதுகளின் மேலேயே நிற்கிறது. "அம்மா இல்லாமலா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். எதையும் வாயில் வைக்கக் கூடாது. பூங்கா என்பதால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அழகுக்காக வேலியோரம் வளர்க்கிற அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கீழே சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி கிடந்தால் எந்தப் பிள்ளையும் பொறுக்கத்தான் செய்யும். கடித்து உடைத்தால் உயிருக்கே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. இதையெல்லாம் பயமுறுத்தாமல் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போவது நல்லது. அங்கே போய்க் கத்தினால் கேட்காது.

ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு பூப்பாத்திக்குள் பிள்ளையை இறக்கிவிட்டு, "சிரி, சிரி" என்று முக்கால் மணி நேரம் படம் எடுக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது எரிச்சலாக வருகிறது. பாத்திக்குப் பக்கத்திலேயே இறங்காதீர்கள் என்று பலகை. சரி, அது தனிப் பதிவு.

சாயங்காலம் மகன் கிளம்ப மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் மிரட்டிப் பார்த்தேன், மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவனை மேலே பார்க்கச் சொன்னார். நாள் முழுக்க எங்களுக்கு நிழல் கொடுத்தது ஒரு தூங்குமூஞ்சி மரம். மத்தியானம் விரிந்து கிடந்த இலைகள் இப்போது ஜோடி ஜோடியாக மூடத் தொடங்கியிருந்தன. இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது.

"பாத்தியா, மரமே தூங்கப் போகுது."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "சத்தம் போடாம வாங்க தாத்தா" என்று முன்னால் நடந்தான்.